பி.எம்.டபிள்யூ. கதை – 6: விலைபோக மறுத்த நாள்

சென்ற பகுதியை 1945-ல், குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த மியூனிக் நகரத்து மில்பர்ட்ஸ்ஹோஃபன் ஆலையின் வாசலில் நிறுத்தியிருந்தோம். விமான இன்ஜின், ஆர் 32 மோட்டார் சைக்கிள், 328 காரின் பந்தய வெற்றிகள், பிறகு போர் என்று ஏறி இறங்கிய கதை அது. இந்தப் பகுதியில் 14 ஆண்டுகளைக் கடந்து 1959 டிசம்பர் 9 என்ற ஒரே நாளுக்குப் போய்ச் சேர வேண்டும். பி.எம்.டபிள்யூ. தன் நேர் போட்டியாளரான டேமலர்-பென்ஸின் கைக்குப் போக இருந்த நாள் அது. கையெழுத்து மட்டுமே பாக்கி என்ற நிலையில் பேச்சு முறிந்தது. அதை முறித்தவர்கள் யார், ஏன் முறித்தார்கள் என்பது தெரியாமல் இந்தக் கம்பெனிக்கு இன்றுள்ள பெயரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நம்புகிறேன்.

அதற்குமுன் அலாக் ஆலையைப் பற்றி இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். மியூனிக்கின் வடமேற்கு ஓரத்தில் இருந்த அந்த விமான இன்ஜின் ஆலைக்குப் பக்கத்திலேயே டாக்காவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று 1943-ல் அமைந்தது. போரின் கடைசி ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ. ஆலைகளில் வேலைசெய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கைதிகள், போர்க்கைதிகள், பிடித்துவரப்பட்ட வெளிநாட்டவர்கள். 801 என்ற புகழ்பெற்ற இன்ஜின் அவர்களின் உழைப்பிலும் பட்டினியிலும் உருவானது. தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 2016-ல் பி.எம்.டபிள்யூ. இதற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. 1950-களில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலேயே மறுபடி கட்டினார்கள். இனி வரும் வெற்றிக் கதையைப் படிக்கும்போது வாசகர்கள் இதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் மியூனிக் ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இயந்திரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து, போர் இழப்பீடாகப் பல நாடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அலாக்கில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை இயங்கியது. மிச்சமிருந்த தொழிலாளர்கள் கையில் கிடைத்த அலுமினியத்தை உருக்கிச் சமையல் பாத்திரங்கள் வார்த்தார்கள். விவசாயக் கருவிகளும் செய்தார்கள். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு இன்ஜின் செய்து பழகிய கைகள் அவை.

கார் ஆலையோ கையில் இல்லவே இல்லை. போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. கார்கள் ஐசனாக் நகரில் தயாரானவை. அந்த ஊர் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. ரஷ்யர்களின் மேற்பார்வையில் அங்கிருந்து பழைய கார்கள் அதே பெயரில், அதே வெள்ளை நீல வட்ட முத்திரையோடு வெளிவந்துகொண்டிருந்தன. மியூனிக்காரர்கள் பெயர் உரிமையை விடாமல் சட்டப்படி போராடினார்கள். கடைசியில் 1952-ல் ஐசனாக் ஆலை ஈ.எம்.டபிள்யூ. என்று பெயரை மாற்றிக்கொண்டது. முத்திரையில் நீலம் இருந்த இடத்தில் சிவப்பு வந்தது. பிரிட்டிஷாரும் சும்மா இருக்கவில்லை. 328-ன் வரைபடங்கள் பிரிஸ்டல் விமானக் கம்பெனியின் கைக்குப் போயின. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய ஃப்ரிட்ஸ் ஃபீட்லரும் சில காலம் அங்கே வேலைசெய்தார். பிரிஸ்டல் 400 காரின் முகப்பில் பி.எம்.டபிள்யூ.வின் இரட்டைச் சிறுநீரகக் கிரில்லின் சாயல் அப்படியே தெரிந்தது. ஆக, கிழக்கிலும் மேற்கிலும் பி.எம்.டபிள்யூ. காரை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். பி.எம்.டபிள்யூ. மட்டும் கார் செய்ய முடியாமல் இருந்தது.

மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடைத்தது, 250 சி.சி.க்கு மேல் போகக் கூடாது என்பது நேச நாடுகளின் கட்டளை. செய்வதற்கு வரைபடம் இல்லை. போரின்போது மோட்டார் சைக்கிள் பிரிவு முழுவதும் ஐசனாக்குக்கு மாற்றப்பட்டிருந்ததால் காகிதங்களும் அங்கேயே தங்கிவிட்டன. இன்ஜினியர்கள் டீலர்களிடமிருந்து போருக்கு முந்தைய ஆர் 23 வண்டியைத் தேடிப் பிடித்தார்கள். அதை நட்டும் போல்ட்டுமாகப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, புதிதாக வரைபடம் போட்டார்கள். அப்படிப் பிறந்த ஆர் 24 வண்டியை 1948 ஜெனீவா கண்காட்சியில் வைத்தபோது வாங்கும் ஆட்கள் மொய்த்தார்கள். தங்கள் பழைய வண்டியைத் தாங்களே பார்த்து நகலெடுத்துத்தான் மியூனிக்காரர்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள். இந்தத் தொடரில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

கார் விஷயத்தில் அந்த நிதானம் இல்லை. மேற்கு ஜெர்மனியில் அப்போது மக்கள் வாங்கத் துடித்தது சிறிய, மலிவான காரை. வோல்க்ஸ்வாகனின் பீட்டில் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பி.எம்.டபிள்யூ.வோ 1951 பிராங்ஃபர்ட் கண்காட்சியில் 501 என்ற பெரிய சொகுசுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. வளைந்து நெளிந்த உடல்வாகைப் பார்த்துவிட்டு மக்கள் அதற்கு ‘பரோக் தேவதை’ என்று பெயர் வைத்தார்கள். விலை 15,000 மார்க்குக்கு மேல். ஒரு சராசரித் தொழிலாளி ஏறத்தாழ நான்கு ஆண்டு சம்பாதித்தால்தான் அந்தப் பணம் வரும். அவ்வளவு கனமான உடலை இழுக்க 65 குதிரைத்திறன் கொண்ட பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின். கார் உடலுக்கான தகடுகளை அடித்தெடுக்கும் பிரஸ் மெஷின் மியூனிக்கில் இல்லாததால், முதல் உடல்கள் ஸ்டுட்கார்ட்டில் பவுர் என்ற நிறுவனத்தில் தயாராகி மியூனிக்குக்கு வந்து சேர வேண்டியிருந்தது. ஸ்டுட்கார்ட், டேமலர்-பென்ஸின் மெர்சிடஸ் கார்களுக்குச் சொந்த ஊர்.

நல்ல கார் அது என்பதையும் சொல்ல வேண்டும். 1954-ல் வந்த 502-ல் அலுமினியத்தில் வார்த்த வி8 இன்ஜின் இருந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் தயாரான முதல் வி8 அதுதான். ஆனால் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடினாவர் ஏறியது மெர்சிடஸ் 300-ல். ஆலை முதலாளிகளும் அமைச்சர்களும் அதையே பின்பற்றினார்கள். வாங்க ஆளில்லாத உயரத்தில் போய் ஒரு நல்ல காரை நிறுத்திவைத்ததுதான் பி.எம்.டபிள்யூ. செய்த பிழை.

பிழை அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன், 5,000 டாலருக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்று ஆசைகாட்டினார். ஆல்பிரெக்ட் ஃபான் கெர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் 507-ஐ வரைந்தார். 1955-ல் அதைப் பார்த்தவர்கள் மூச்சடைத்து நின்றார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அப்படித்தான் நிற்கத் தோன்றும். நீண்ட முன்பக்கம், குறுகிய பின்பக்கம், எங்கேயும் ஒரு கோடு அதிகம் இல்லை. அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வடித்த உடல் என்பதால் விலை அமெரிக்காவில் ஹாஃப்மன் சொன்னதைப்போல இரண்டு மடங்கு ஆனது. மொத்தமே 250-ஐ ஒட்டிய எண்ணிக்கையில்தான் செய்தார்கள். அவற்றில் வெள்ளை நிறக் கார் ஒன்றை, அமெரிக்க ராணுவச் சேவைக்காக ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி வைத்திருந்தார். ரசிகைகள் உதட்டுச் சாயத்தால் அந்த வெள்ளைக் கதவுகளில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். எழுத்து தெரியாமல் இருக்க அவர் காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். அந்தக் காரைக் கண்டெடுத்துப் புதுப்பித்து மறுபடி வெள்ளையாக்கி 2016-ல் காட்சிக்கு வைத்தார்கள். இன்று ஒரு 507 ஏலத்துக்கு வந்தால் விலை கோடிகளில் போகிறது. 1950-களில் அது கம்பெனியின் கஜானாவைக் காலியாக்கியது.

சோறு போட்டது வேறொரு வண்டி. இத்தாலியில் ஐசோ என்ற கம்பெனி முட்டை வடிவத்தில் குட்டிக் கார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதன் உரிமத்தை வாங்கிய பி.எம்.டபிள்யூ., தன் மோட்டார் சைக்கிள் இன்ஜினை அதில் பொருத்தி 1955-ல் இசெட்டா என்று இறக்கியது. கதவு ஒன்றே ஒன்று, அதுவும் முன்பக்கத்தில். ஃபிரிட்ஜைத் திறப்பதைப்போல வண்டியின் முகத்தையே திறக்க வேண்டும். ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும். உள்ளே ஒரே சீட், அதில் இரண்டு பேர். 12 குதிரைத்திறன், மணிக்கு 85 கிலோமீட்டர். 250 சி.சி.க்குள் இருந்ததால், பழைய மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் புது லைசென்ஸ் எடுக்காமலே அதை ஓட்டலாம். மழையில் நனைந்துகொண்டு பைக்கில் போனவர்களுக்கு அதுபோதும். 1962 வரை 1,60,000-க்கும் மேல் விற்றது. பிற்காலத்தில், 1960-களில், மேற்கு பெர்லினில் ஒருவர் இசெட்டாவின் பின்பகுதியை வெட்டித் திருத்தி, இன்ஜின் பக்கத்தில் ஒரு ஆள் சுருண்டு படுக்கும் அளவு இடம் உண்டாக்கினார். கிழக்கில் மாட்டியிருந்த நண்பரை அதில் மறைத்து எல்லை தாண்டிக் கொண்டுவரச் செய்தார். காவலர்கள் ஒரு மனிதன் ஒளியக்கூடிய வண்டி என்று சந்தேகிக்கவே முடியாத அளவுக்குச் சிறியது அது.

இசெட்டாவில் லாபம் சொற்பம். மக்கள் கையில் காசு சேரச் சேர, குட்டி வண்டியை விட்டுவிட்டு நாலு பேர் உட்காரும் உண்மையான காரைத் தேடினார்கள். மோட்டார் சைக்கிளும் விழுந்தது: 1954-ல் 30,000 வரை விற்ற வண்டிகள் 1957-ல் 6,000-க்கும் கீழே போய்விட்டன. இசெட்டாவை நீட்டி 600 என்று ஒரு வண்டி செய்து பார்த்தார்கள். நாலு பேர் உட்காரலாம், ஆனால் முன்கதவு அப்படியே இருந்தது. அதே பணத்துக்கு பீட்டில் கிடைக்கும்போது அதை யார் வாங்குவார்கள்? மேலே 502, 507. கீழே இசெட்டா. நடுவில், ஒரு டாக்டரோ ஆசிரியரோ கடையை விரிவாக்கும் வியாபாரியோ வாங்கக்கூடிய கார் ஒன்றுகூட இல்லை. 1957-ல் தலைமைக்கு வந்த ஹைன்ரிஷ் ரிக்டர்-பிரோம் இந்த ஓட்டையைச் சரியாகவே கண்டுபிடித்தார். நடுத்தரக் கார் ஒன்றை உருவாக்கப் பணம் வேண்டும் என்று வங்கிகளிடமும் அரசிடமும் அலைந்தார். பணம் வரவில்லை.

அந்த நெருக்கடியில்தான் 700 வந்தது. ஆஸ்திரிய இறக்குமதியாளர் வொல்ஃப்காங் டென்ஸல் முன்கை எடுக்க, இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த காரை 1959 பிராங்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். பின்பக்கத்தில் இரண்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இன்ஜின்தான். ஆனால் பார்வைக்கு லட்சணமான, உண்மையான கார். டீலர்களிடம் ஆர்டர்கள் வந்து குவிந்தன. பிற்பாடு 1965 வரை 1,80,000-க்கும் மேல் விற்ற அந்தக் கார்தான் கம்பெனி பிழைக்கும் என்பதற்கு முதல் அத்தாட்சி. அது சாலைக்கு வந்துகொண்டிருந்த வேளையில்தான் கம்பெனியை விற்கும் யோசனையும் மேசைக்கு வந்தது.

டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் கூடிய பங்குதாரர் கூட்டத்தின்முன் நிர்வாகம் வைத்த திட்டம் இது: மூலதனத்தைப் பாதியாகக் குறைப்பது, அதாவது ஒருவர் வைத்திருக்கும் பங்கின் முகமதிப்பு பாதியாகிவிடும். பிறகு 7 கோடி மார்க்குக்குப் புதுப் பங்குகள் வெளியிடுவது. அந்தப் புதுப் பங்குகளைப் பழைய பங்குதாரர்கள் வாங்க முடியாது. அவை வங்கிகளின் வழியாக டேமலர்-பென்ஸுக்குப் போகும். அப்படியானால் ஒரே நாளில் டேமலர்-பென்ஸ் பெரும்பான்மை முதலாளி. மியூனிக் ஆலை ஸ்டுட்கார்ட்டுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் இடமாகச் சுருங்கும் என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டேமலர்-பென்ஸ் கொடுத்த கெடுவும் குறுகியது: அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஹான்ஸ் ஃபைத். பி.எம்.டபிள்யூ.வின் மேற்பார்வைக் குழுத் தலைவர். டாய்ச்ச வங்கியின் உயர் அதிகாரியும் அவரே. டேமலர்-பென்ஸின் மேற்பார்வைக் குழுத் தலைவர் ஹெர்மான் யோசஃப் ஆப்ஸ். அவரும் டாய்ச்ச வங்கிதான், அதுவும் அதன் தலைமை மனிதர். விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் ஒரே வங்கி உட்கார்ந்திருந்தது. போதாததற்கு, ஜெர்மன் வழக்கப்படி, பங்குகளை வங்கியில் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் சின்ன முதலீட்டாளர்களின் ஓட்டையும் அந்த வங்கியே போடலாம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டிருந்தது.

எதிர்த்து எழுந்தவர்களில் முக்கியமானவர் ஃபிரீட்ரிஷ் மாத்தெர்ன், பிராங்ஃபர்ட் வக்கீல். டீலர்களுக்காகவும் சிறு பங்குதாரர்களுக்காகவும் வந்திருந்தார். அவரோடு எரிஷ் நோல்ட், டார்ம்ஷ்டாட்டைச் சேர்ந்த நிலக்கரி வியாபாரி. பல கம்பெனிகளின் கூட்டங்களில் சிறு பங்குதாரர்களுக்காகக் குரல் கொடுத்துப் பெயர் வாங்கியவர். அரங்கத்தில் டீலர்கள் இருந்தார்கள், ஆலைத் தொழிலாளர்கள் இருந்தார்கள், சேமிப்பில் நாலைந்து பங்கு வாங்கிவைத்த சாதாரண பவேரியர்களும் இருந்தார்கள். கூச்சலும் கைதட்டலுமாகக் காலையில் தொடங்கிய கூட்டம் இரவுவரை நீண்டது. உணர்ச்சி நிறைய இருந்தது. உணர்ச்சியால் மட்டும் ஓட்டுக் கணக்கு மாறிவிடாது. கூட்டத்தை ஒத்திவைக்கக் கேட்டுப் பார்த்தார்கள். வங்கிகளின் பெரும்பான்மை அதைத் தள்ளிவிட்டது.

அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது கணக்குப் புத்தகம். அன்று ஒப்புதலுக்கு வைத்திருந்த ஆண்டுக் கணக்கில், 700 காரை உருவாக்க ஆன செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் செலவாக எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்தக் கார் இனிமேல் பல ஆண்டுகள் விற்கப்போகிறது. செலவையும் அந்த ஆண்டுகளின்மீது பரப்பித்தானே எழுத வேண்டும்? பத்து ஆண்டு தண்ணீர் தரப்போகும் கிணற்றை வெட்டிய செலவை முதல் போக விளைச்சலிலேயே கழித்துவிட்டு, நிலம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று விற்க வருவதைப்போன்றது இது. நஷ்டம் பெரிதாகத் தெரியத் தெரிய, கம்பெனியின் விலை சிறிதாகத் தெரியும். வாங்குபவருக்கு அது வசதி.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. ஜெர்மன் கம்பெனிச் சட்டப்படி, ஆண்டுக் கணக்கின் குறிப்பிட்ட இனத்தைச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தால், மூலதனத்தில் 10 சதவீதம் வைத்திருப்பவர்கள் கேட்டாலே கணக்கு மீதான விவாதத்தை ஒத்திவைத்தாக வேண்டும். பெரும்பான்மை தேவையில்லை. மாத்தெர்ன் தரப்பு அந்தக் கோரிக்கையை வைத்தது. ஓட்டெடுத்தார்கள், 10 சதவீதம் தாண்டிவிட்டது. கணக்கு ஒத்திப்போனால் அதன்மேல் கட்டிய விற்பனைத் திட்டமும் அன்று நிறைவேறாது. கெடு தாண்டியது. டேமலர்-பென்ஸின் சலுகை காலாவதியானது.

இந்த வெற்றியை ஒரு தொழில்நுட்ப ஓட்டை என்று சிறுமைப்படுத்துபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சிறுபான்மைப் பங்குதாரரைக் காக்க என்றே அந்தச் சட்டப் பிரிவு இருந்தது; அது எழுதப்பட்ட நோக்கத்துக்காகவே அன்று பயன்பட்டது. ஏன் அந்த மனிதர்கள் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள் என்று கேட்டால், பணக் கணக்கு மட்டும் காரணம் இல்லை. பங்கின் மதிப்பு பாதியாவது வலித்தது, உண்மை. ஆனால் டேமலர்-பென்ஸின் பங்கு பாதுகாப்பானது; நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் பங்கு நாளைக்கே காகிதமாகலாம். தெரிந்தேதான் நஷ்டக் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். மில்லே மிக்லியா பந்தயத்தில் வென்ற 328-ஐயும் வெள்ளை நீல முத்திரையையும் அவர்கள் தங்கள் ஊர்ச் சொத்தாக நினைத்தார்கள். ஒரு கம்பெனியின் பெயருக்கு அதன் ஐந்தொகையைவிட அதிக மதிப்பு இருக்க முடியும் என்பதை அந்த ஒரு நாள் நிரூபித்தது.

ஆனால் விற்காமல் இருப்பது ஒன்று, பிழைப்பது வேறு. பணம் போட ஆள் வேண்டும். அந்த ஆள் ஹெர்பர்ட் குவான்ட். பேட்டரி, ஜவுளி என்று பரந்த குடும்பச் சாம்ராஜ்யத்தின் வாரிசு. ஒன்பது வயதில் வந்த கண்நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே ஆசிரியர்கள் படித்துக்காட்டக் கேட்டு வளர்ந்தவர். டேமலர்-பென்ஸிலும் பெரும் பங்கு வைத்திருந்தார், பி.எம்.டபிள்யூ.விலும் வைத்திருந்தார், டிசம்பர் 9 வரை அவரும் இணைப்பின் பக்கமே சாய்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்தபிறகுதான் மனம் மாறினார். தொழிலாளர் குழுவின் தலைவர் குர்ட் கோல்டா, இந்த ஆலையை நம்பலாம் என்று அவரிடம் எடுத்துச் சொன்னார். ஆலோசகர்கள் பலர் தடுத்தும், குவான்ட் பங்குகளை வாங்கிச் சேர்த்து 1960-ல் கம்பெனியின் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றார். அலாக் இன்ஜின் நிறுவனத்தின் பங்கை மான் கம்பெனிக்கு விற்றுக் கொஞ்சம் பணம் புரட்டினார்கள். மூலதனத்தை உயர்த்தினார்கள், இந்த முறை பழைய பங்குதாரர்களும் அதில் சேரலாம்.

குவான்டை ‘பி.எம்.டபிள்யூ.வைக் காப்பாற்றியவர்’ என்று எழுதுவது வழக்கம். அந்தப் பட்டத்தை அவர் ஒருவர் தலையில் மட்டும் சூட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாத்தெர்னும் நோல்டும் கணக்கில் கைவைக்காமல் இருந்திருந்தால், கோல்டா பேசாமல் இருந்திருந்தால், 700-ஐ மெக்கானிக்குகள் ராப்பகலாக முடித்துக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னொன்றும் உண்டு. குவான்ட் குடும்பத்தின் பேட்டரி ஆலை ஹானோவரில் இருந்தது. அதன் பக்கத்திலும் 1943 முதல் ஒரு வதைமுகாம் கிளை இயங்கியது. அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தில் ஹெர்பர்ட்டும் இருந்தார். 2007-ல் இதைப் பற்றி ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்து நாடே பேசியது. குடும்பம் வரலாற்றாசிரியர் யோவாகிம் ஷோல்டிசெக்கிடம் ஆய்வை ஒப்படைத்தது. 2011-ல் வெளியான அந்த ஆய்வு, குடும்பத்தின் தொழில் நாஜி ஆட்சியோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்ததை உறுதிசெய்தது. 1960-ல் மியூனிக்குக்கு வந்த பணத்தின் வேரில் அந்தச் செல்வமும் இருந்தது. ஏறத்தாழ பாதிப் பங்கு இன்றும் ஹெர்பர்ட்டின் பிள்ளைகளிடமே இருக்கிறது.

இனி, நடுவில் இல்லாதிருந்த அந்தக் காருக்கு வருவோம். 1961 செப்டம்பரில் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற கார் வந்து நின்றது. ‘புதிய வகுப்பு’ என்று கம்பெனி அதை அழைத்தது. நான்கு கதவு, நேர்கோட்டு உடல், முன்பக்கம் தாழ்ந்து பாயத் தயாரான நிலை. பின்ஜன்னலின் அடியில் கண்ணாடி முன்னோக்கி வளைந்து திரும்பும் ஒரு சின்ன வெட்டு. வடிவமைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது. சாலையில் போகும் பி.எம்.டபிள்யூ. கார் எதிலும், பின்கதவு ஜன்னல் முடியும் இடத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் இருக்கும். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பூட்டி வெளியே வரும் கார்களிலும் அந்த வளைவைப் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் மூடிக்குள் இருந்தது. அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடித்த நான்கு சிலிண்டர் இன்ஜின் அது. கம்பெனி கேட்டது சிறிய இன்ஜின்தான். நாளைக்கு மேலும் சக்தி கேட்பார்கள் என்று தெரிந்து, 2 லிட்டர்வரை பெருக்கிக்கொள்ளும் அளவுக்கு அதன் பிளாக்கை அவர் உறுதியாக வார்த்துவைத்தார். பிற்காலத்தில் 1600, 1800, 2000, 2002 என்று வந்த எல்லாமே அந்த ஒரே அஸ்திவாரத்தின் மேல் எழுந்தவை. 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற காரின் டர்போ இன்ஜினும் அதே பிளாக்கிலிருந்து வளர்ந்ததுதான். குடும்பத்தோடு சந்தைக்குப் போகும் காருக்காக வார்த்த இரும்பு, 22 ஆண்டு கழித்து உலகின் அதிவேகப் பந்தயத்தில் தாக்குப்பிடித்தது. பி.எம்.டபிள்யூ. இன்ஜின் என்றால் ஒரு மரியாதை இருக்கிறதே, அது விளம்பரத்தால் வந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

காரை அவசரமாகக் காட்டினார்களே தவிர, 1962 வரை வாடிக்கையாளர் கைக்குக் கொடுக்க முடியவில்லை. கொடுத்த முதல் வண்டிகளில் பின் ஆக்ஸிலும் கியர்பாக்ஸும் தொல்லை தந்தன. அவற்றைச் சரிசெய்யக் கொஞ்ச காலம் பிடித்தது. இதற்கிடையில், 1961-லேயே, வடக்கே பிரேமனில் போர்க்வார்ட் கம்பெனி திவாலானது. இசபெல்லா என்ற அதன் அருமையான நடுத்தரக் கார் நின்றுபோனது. அதை வாங்கியிருக்கக்கூடியவர்கள் 1500-ன் பக்கம் திரும்பினார்கள். அங்கே வேலையிழந்த இன்ஜினியர்கள் சிலர் மியூனிக்குக்கு வந்தார்கள். அரசு போர்க்வார்ட்டைச் சீர்படுத்த நியமித்த யோஹானெஸ் செம்லர், அதே நேரத்தில் பி.எம்.டபிள்யூ.வின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவும் இருந்தார். போர்க்வார்ட்டின் கடன்காரர்களுக்குக் கடைசியில் ஏறக்குறைய முழுப் பணமும் கிடைத்தது என்பதை வைத்து, அந்தக் கம்பெனியைப் பிழைக்கவைத்திருக்கலாம் என்று பிரேமன்காரர்கள் இன்றும் மனம் வெதும்புகிறார்கள். அங்கே கணக்கை எடுத்து ஆட்சேபம் சொல்லச் சிறு பங்குதாரர் கூட்டம் இருக்கவில்லை. எல்லாப் பங்கும் கார்ல் போர்க்வார்ட் ஒருவர் கையிலேயே இருந்தது.

விற்பனைத் தலைவர் பவுல் ஹானமன் 1961-ல் ஆட்டோ யூனியனிலிருந்து வந்து சேர்ந்தார். மெர்சிடஸோடு சொகுசில் மோதாதே, வோல்க்ஸ்வாகனோடு விலையில் மோதாதே, இரண்டுக்கும் நடுவில் வேகமாக ஓட்ட ஆசைப்படும் ஆளைப் பிடி என்பது அவர் வகுத்த பாதை. இடைவெளி தேடிப் பிடிப்பவர் என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. 1963-ல் 1800 வந்தது. ஸ்டியரிங்கைத் தானே பிடிக்க விரும்பும் இளம் டாக்டர்களும் இன்ஜினியர்களும் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டுக் கணக்கை முடித்தபோது கம்பெனி டிவிடெண்ட் அறிவித்தது. போருக்குப் பின் பங்குதாரர்கள் கைக்கு வந்த முதல் லாபப் பங்கு அது. 1959-ல் பங்கை விற்றுத் தள்ளாமல் வைத்திருந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு மியூனிக்கில் வந்த பிரச்சினை நேர் எதிரானது: ஆர்டருக்கு ஏற்பச் செய்ய இடமும் இல்லை, ஆளும் இல்லை. மில்பர்ட்ஸ்ஹோஃபன் ஆலையைச் சுற்றி நகரம் வளர்ந்து நெருக்கிவிட்டது. இடம் தேடியவர்கள் வடகிழக்கே டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் போய் நின்றார்கள். விதை விதைக்கும் கருவிகள் செய்து தொடங்கி, கோகோமொபில் என்ற குட்டிக் காரால் பணம் சேர்த்து, பெரிய கார் செய்யப்போய்க் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஹான்ஸ் கிளாஸின் ஆலை அங்கே இருந்தது. அவரை அடுத்த பகுதியில் சந்திப்போம்.

(தொடரும்)